குனூகேஷ் கணக்கிலிருந்து வங்கிக் காசோலைத் தாளில் வீட்டிலேயே அச்சிடலாமா?

சத்துவாச்சாரி_கணக்கு

அனைவருக்கும் வணக்கம். பேர்ணாம்பட்டில் அப்பா நடத்தும் தோல் கையுறைப் பட்டறையின் கணக்கையும் எங்கள் வீட்டுக் கணக்கையும் சத்துவாச்சாரியிலிருந்து நான்தான் எழுதி வருகிறேன். இரண்டும் குனூகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. மாதத்துக்கு முப்பது நாற்பது காசோலைகள் போகின்றன. சென்னை பெரியமேட்டிலிருந்து தோல் தருபவர்கள் அறுபது நாள், தொண்ணூறு நாள் தவணைக்குப் பின்தேதியிட்ட, அதாவது வரப்போகும் தேதி போட்ட, காசோலையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சரக்கை வண்டியில் ஏற்றுகிறார்கள். ஆகவே "எல்லாவற்றையும் நெஃப்டில், இணைய வங்கிப் பரிமாற்றமாக, அனுப்பிவிடுங்களேன்" என்ற யோசனை எங்களுக்குப் பாதிதான் உதவும்.

அப்பாவுக்குக் கை நடுக்கம் இருப்பதால் கையொப்பம் மட்டும்தான் அவருடையது. மற்றவற்றை எல்லாம் நான் எழுதுகிறேன். மென்பொருளில் ஒருமுறை தட்டிய பெயரையும் தொகையையும் மறுபடி தாளில் எழுதுவது இரட்டை வேலையாக இருக்கிறது என்பதோடு, எழுதும்போது ஓர் எழுத்து பிசகினாலும் தாள் வீணாகிறது.

டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் குவிக்கன் மென்பொருளில் கணக்கு வைத்து, கணக்கு எண்ணெல்லாம் முன்பே அச்சான தாள்களை வாங்கி, மாதக் கடைசியில் தன் வீட்டு அச்சுப்பொறியிலேயே காசோலைகளை அச்சிட்டுக்கொள்கிறார். அவருடைய நண்பர் ஒருவர் அதையும் தாண்டி, ஒன்றும் அச்சிடாத வெற்றுக் காசோலைத் தாளை வாங்கி, வங்கி எந்திரம் படிக்கும் காந்த மை டோனரை (மைப்பொடியை) அச்சுப்பொறியில் போட்டு, அடியில் வரும் எண் வரிசையையும் தாமே அச்சிடுகிறாராம். இங்கே இதில் எவ்வளவு தூரம் போகலாம்? குனூகேஷில் காசோலை அச்சிடும் வசதி இருக்கிறது என்றாலும், அதில் உள்ள அமைப்புகள் எல்லாம் அமெரிக்கத் தாள்களுக்கானவை. நம் தாளுக்கு அதை எப்படிப் பொருத்துவது, எந்த வகை அச்சுப்பொறி ஏற்றது, வங்கியில் ஏதாவது சொல்லித் திருப்பிவிடுவார்களா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். பெறுநர் பெயரைத் தமிழில் அச்சிடலாமா என்பதும் ஒரு துணைக் கேள்வி.

காட்பாடி_தணிக்கை

சகோதரி, முதலில் உங்கள் அண்ணனின் நண்பர் செய்வதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் காசோலைத் தாளை யார் அச்சிட்டது என்பதை வங்கிகள் பெரிதாகப் பார்ப்பதில்லை. எண் வரிசை சரியாகவும் படிக்கக்கூடியதாகவும் இருந்தால் போதும். அதனால்தான் அங்கே காசோலைத் தாள் விற்பதே ஒரு தனி வியாபாரமாக வளர்ந்தது. நம் நாட்டில் தாள் வங்கியுடையது. காசோலையின் படத்தை மட்டும் அனுப்பிப் பணம் தீர்க்கும் முறைக்காக ரிசர்வ் வங்கி வகுத்த சி.டி.எஸ்.-2010 தரப்படி, ஒளிக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறி, நகலெடுத்தால் மேலெழும் 'வாய்ட்' (செல்லாது) என்ற மறைவெழுத்து, புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் வங்கிச் சின்னம், இடது ஓரத்தில் அச்சகத்தின் பெயர் ஆகியவை தாளில் இருந்தாக வேண்டும். இவற்றை வீட்டில் உண்டாக்க முடியாது. முயல்வது போலி ஆவணம் தயாரித்தார் என்ற சந்தேகத்துக்குத்தான் இடம் கொடுக்கும்.

ஆனால் வங்கி கொடுத்த தாளில் உள்ள காலி இடங்களை, அதாவது தேதி, பெறுநர், எழுத்தில் தொகை, எண்ணில் தொகை ஆகிய நான்கையும், பேனாவால்தான் நிரப்ப வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் என்னிடம் வரும் தோல் நிறுவனங்களின் காசோலைகளில் பெரும்பாலானவை டேலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து அச்சிட்டவைதான். டேலியில் வங்கிப் பேரேட்டைத் திறந்து காசோலை அச்சு அமைப்புக்குப் போனால், பல வங்கிகளின் தாள் அளவுகள் தயாராக இருக்கும். மேலிருந்து இவ்வளவு, இடமிருந்து இவ்வளவு என்று மில்லிமீட்டரில் திருத்திக்கொள்ளவும் முடியும். இந்த வேலைக்காக மட்டும் டேலிக்கு மாறச் சொல்ல மாட்டேன். உங்கள் அளவுக்கு குனூகேஷே போதும். கொஞ்சம் கைவேலை கூடும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, எண்ணிலும் எழுத்திலும் தொகை வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை. மென்பொருள் இரண்டையும் ஒரே பதிவிலிருந்து எடுப்பதால் அந்த வேறுபாடு வரவே வழியில்லை என்பதை, அழகான எழுத்தைவிடப் பெரிய நன்மையாக நான் கருதுகிறேன்.

குடியாத்தம்_நிரலர்

தாளைப் பொருத்துவது பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டு லுங்கி வியாபாரத்துக்கு இதையே செய்து வருகிறேன்.

நம் காசோலையின் அளவு 202 மி.மீ. நீளம், 92 மி.மீ. உயரம். அமெரிக்க வணிகக் காசோலைகள் ஒரு முழுத் தாளில் மூன்றாக வருவதால் அச்சுப்பொறிக்கு அது சாதாரணத் தாள்தான். நம்முடையது ஒற்றைத் தாள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பல சிறிய லேசர் அச்சுப்பொறிகளின் கையேட்டைப் பார்த்தால், ஏற்கும் மிகச் சிறிய தாள் 76-க்கு 127 மி.மீ. என்று இருக்கும். காசோலையை நீளவாக்கில் படுக்க வைத்து நுழைத்தால், தாள் போகும் திசையில் 92 மி.மீ.தான் கிடைக்கும், முன் உருளை விட்ட தாளை அடுத்த உருளை பிடிப்பதற்குள் அது நடுவே நின்றுவிடும். ஆகவே குறுகிய ஓரம் முன்னே போகும்படி நுழைத்து, அச்சை 90 பாகை திருப்ப வேண்டும். அச்சுப்பொறி அமைப்பில் 92-க்கு 202 என்று தனி அளவு ஒன்றை உருவாக்கி, கிடைமட்டம் என்று தேர்ந்தெடுத்தால் திருப்பும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

எந்தக் குறுகிய ஓரம் என்பதும் முக்கியம். புத்தகத்திலிருந்து கிழித்த இடது ஓரத்தில் துளைக் கோட்டின் பிசிறு இருக்கும். அந்தப் பக்கத்தை முதலில் நுழைத்தால், பிசிறு உருளையில் சிக்கித் தாள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சாய்ந்துவிடும்; எழுத்து வரி கோட்டின் மேல் ஏறி நிற்கும். கையொப்பம் இடும் வலது பக்கம் முன்னே போகட்டும். தாளின் இருபுறமும் உள்ள வழிகாட்டித் தகடுகளை நெருக்கி வையுங்கள், ஆனால் தாள் வளையும் அளவுக்கு வேண்டாம்.

குனூகேஷில் பதிவேட்டில் அந்தப் பரிவர்த்தனையைத் தேர்ந்தெடுத்து, கோப்புப் பட்டியலில் காசோலை அச்சிடுதல் என்பதற்குப் போய், தயார் அமைப்புகளை விட்டுவிட்டு 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு புலத்துக்கும் இடத்தை மில்லிமீட்டரில் கொடுக்கலாம். மொத்தமாக நகர்த்தவும், திருப்பவும் முடியும். பெறுநரும் எண்ணில் தொகையும் இப்படி ஒழுங்காக வந்துவிடும். தேதியும் எழுத்தில் தொகையும்தான் ஒத்துழைக்காது. நம் தாளில் தேதிக்கு எட்டுக் கட்டங்கள் உண்டு. குனூகேஷ் நாளையும் மாதத்தையும் ஆண்டையும் இடைவெளி விட்டு அச்சிடுமே தவிர, '0' ஒரு கட்டத்திலும் '5' அடுத்த கட்டத்திலும் விழும்படி இலக்கங்களைப் பிரிக்காது. எழுத்தில் தொகையோ ஆயிரம், மில்லியன் கணக்கில், ஆங்கிலத்தில், பைசாவை நூறின் பின்னமாக வைத்து வரும். ஒன்றேகால் லட்சம் என்பது 'நூற்றிருபத்தைந்து ஆயிரம்' ஆகிவிடும். சட்டப்படி தவறென்று சொல்ல முடியாது. ஆனால் பெரியமேட்டு வியாபாரி அதைப் பார்த்ததும் உங்களுக்குத் தொலைபேசியில் அழைப்பார்.

ஆகவே நான் குனூகேஷைப் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பதிவேட்டை சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த வரிசைகள்) கோப்பாக எடுத்து, அச்சை லிப்ரேஆஃபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் செய்கிறேன். பக்க அளவு 202-க்கு 92. தேதியை, எழுத்துகளைத் தனித்தனியே எடுத்துத் தரும் 'மிட்' சார்பால் ஒவ்வோர் இலக்கமாக வெட்டி எட்டுக் கலங்களில் வைத்து, கலத்தின் அகலத்தைக் கட்டத்தின் அகலத்துக்குச் சமமாக்கிவிட்டால் வேலை முடிந்தது. லட்சம், கோடி வரிசையில் எழுத்தாக்க, ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஓர் அட்டவணையும் நான்கைந்து சூத்திரங்களும் போதும். ஒருமுறை எழுதி வைத்தால் பிறகு அதைத் தொடவே வேண்டாம்.

சோதனைக்குக் காசோலையை வீணாக்காதீர்கள். சாதாரண வெள்ளைத் தாளைக் காசோலை அளவுக்கு வெட்டி அதில் அச்சிட்டு, உண்மையான தாளின் மேல் வைத்து, பகலில் ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தால், எந்தப் புலம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அளவுகோல் இல்லாமலே தெரியும். தாளின் அடியில் உள்ள வெள்ளைப் பட்டையில், அதாவது காசோலை எண்ணும் எந்திரம் படிக்கும் காந்த மையால் அச்சிட்ட ஒன்பது இலக்க எம்.ஐ.சி.ஆர். எண்ணும் இருக்கும் இடத்தில், ஒரு புள்ளிகூட விழக் கூடாது. காசோலைத் தாளை முழு ஏ4 தாளில் ஒட்டு நாடாவால் ஒட்டி அனுப்பும் உத்தியைச் சிலர் சொல்வார்கள். இங்க்ஜெட் என்றால் போகட்டும். லேசரில் உள்ளே இருக்கும் வெப்ப உருளையில் நாடாவின் பசை இளகினால் அச்சுப்பொறிக்கே கேடு.

ராணிப்பேட்டை_காசாளர்

வங்கியில் காசாளராகவும், பிறகு காசோலைத் தீர்வை (கிளியரிங்) பிரிவிலும் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கவுன்டருக்கு அந்தப் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். அம்மா, நீங்கள் பெரியமேட்டுக்குக் கொடுக்கும் காசோலை இப்போது வேலூருக்குத் திரும்பி வருவதில்லை. அதைப் போட்ட சென்னைக் கிளையிலேயே தாள் நின்றுவிடும். அதன் படம்தான் உங்கள் வங்கிக்குப் போகும். முன்பக்கத்துக்குச் சாம்பல் நிறச் சாயைகளோடு அங்குலத்துக்கு 100 புள்ளி அடர்த்தியில் ஒரு படம், கறுப்பு வெள்ளையாக 200 புள்ளியில் இன்னொரு படம், பின்பக்கத்துக்குக் கறுப்பு வெள்ளையில் ஒன்று என மூன்று படங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நடுத்தரம் என்று ஒன்று கிடையாது. ஒரு புள்ளி கறுப்பு, இல்லையேல் வெள்ளை. டோனர் தீரும் நிலையில் மங்கலாக அச்சானதும், அழகுக்காக வெளிர் நீலத்தில் அச்சிட்டதும் அதில் காணாமலே போகக்கூடும். ஆகவே நல்ல கறுப்பு, சற்றுத் தடித்த எழுத்து, நெளிவு இல்லாத எழுத்துரு. நிறுவன முத்திரையைக் கையொப்பத்தின் மேலேயோ தொகையின் மேலேயோ குத்தாமல் தள்ளிக் குத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்வதற்கும் காரணம் இதுவே. பார்ப்பவர் தாளைச் சாய்த்துப் பார்க்க முடியாது.

அச்சுப்பொறியைப் பொறுத்தவரை என் கருத்து பழைய ஆளின் கருத்தாகத் தோன்றலாம். டாட் மேட்ரிக்ஸ்தான் சிறந்தது. அதன் ஊசிகள் நாடா வழியாகத் தாளை அடிப்பதால் மை இழைகளுக்குள் இறங்குவதோடு, எழுத்தின் தடமும் தாளில் பதிகிறது. பின்புறம் விரலால் தடவினாலே தெரியும். லேசர் டோனர் தாளின் மேற்பரப்பில் உருகி ஒட்டிய பொடிதான். சரியாக உருகாத டோனரைச் சுரண்டி எடுத்துப் பெயரை மாற்றிய மோசடிகள் உண்டு. லேசர்தான் இருக்கிறது என்றால், அச்சுப்பொறி அமைப்பில் தாளின் வகையைத் 'தடித்த தாள்' என்று வையுங்கள். வெப்பம் கூடி டோனர் நன்றாகப் பிடிக்கும். அச்சிட்டபின் நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். இங்க்ஜெட்டில் சாய வகை மை ஈரம் பட்டால் பரவும். நிறமி வகைக் கறுப்பு மை உள்ள அச்சுப்பொறியானால் ஏற்கலாம். பெயருக்குப் பின்னும் தொகைக்கு முன்னும் உள்ள காலி இடத்தை உடுக்குறிகளாலோ கோட்டாலோ அடைத்துவிடுவது எந்த வகைக்கும் பொருந்தும்.

தமிழில் அச்சிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். காசோலையை ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி ஆகிய எதிலும் எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கியின் நெடுநாளைய அறிவுறுத்தல். தமிழில் எழுதியதற்காகத் திருப்ப முடியாது. நானே ஓய்வூதியக் கணக்கிலிருந்து தமிழில்தான் எழுதுகிறேன். ஆனால் பெறுபவரின் வங்கிக் கணக்கு ஆங்கிலப் பெயரில் இருந்து, படத்தைச் சரிபார்க்கும் மையம் வெளிமாநிலத்தில் இருந்தால் வீண் தாமதம் நேரலாம். வேலூருக்குள் கொடுப்பவற்றைத் தமிழிலும், வெளியூர் வியாபாரத்துக்கு ஆங்கிலத்திலும் வைத்துக்கொள்வது நல்லது.

பிழை நேர்ந்தால் பக்கத்தில் ஒரு கையொப்பம் போட்டுத் திருத்தும் பழைய வழக்கம் இந்தத் தீர்வை முறையில் செல்லாது. தேதியை நீட்டித்துப் புதுப்பிப்பதைத் தவிர, பெயரிலோ தொகையிலோ எந்தத் திருத்தம் இருந்தாலும் புதுத் தாள்தான். அப்படி வீணான தாளைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். குறுக்கே 'ரத்து' என்று எழுதி அடிக்கட்டையோடு தைத்து வையுங்கள்; குனூகேஷிலும் அந்த எண்ணை நீக்காமல் செல்லாதது என்று குறித்து வையுங்கள். அச்சிடுபவர்களுக்கு அதிகம் நேரும் குழப்பம், மென்பொருள் 47 என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கையில் இருக்கும் தாள் 48 ஆக இருப்பதுதான்.

சத்துவாச்சாரி_கணக்கு

மூவருக்கும் நன்றி. ஜன்னல் கண்ணாடி உத்தியை இன்று காலையிலேயே செய்து பார்த்தேன். பெறுநர் வரியும் தொகைக் கட்டமும் பொருந்திவிட்டன. தேதியை குடியாத்தம் நண்பர் சொன்னபடி கால்க்கில் அமைத்துக்கொண்டிருக்கிறேன். காசாளர் ஐயா சொன்ன டாட் மேட்ரிக்ஸ் பட்டறையில் பில் போடுவதற்கென்றே ஒன்று இருக்கிறது என்பதால், காசோலைகளை அங்கே வைத்து அச்சிடலாம் என்று தீர்மானித்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அப்பா மருத்துவப் பரிசோதனைக்குப் போய் இரண்டு மூன்று நாள் இல்லாத சமயங்களில் வேலை நிற்கக் கூடாது என்று, ஐந்தாறு வெற்றுத் தாள்களில் முன்கூட்டியே கையொப்பமிட்டு வைத்துவிடலாம், தேவைப்படும்போது நீ அச்சிட்டுக்கொள் என்கிறார். இது சரியா? அடுத்தது, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட காசோலை ஒன்றைக் கொடுக்கும்போது 'பாசிட்டிவ் பே' என்று வங்கியில் ஏதோ சொன்னார்கள். அதை இந்த அச்சு வேலையோடு சேர்த்துக்கொள்ள வழி உண்டா?

காட்பாடி_தணிக்கை

கையொப்பமிட்ட வெற்றுத் தாள் வேண்டாம். அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு, கையொப்பமிட்டுக் காலியாகக் கொடுத்த ஆவணத்தை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தைப் பெற்றவருக்குக் கொடுத்ததாகவே கொள்கிறது. தாள் உங்கள் மேசையில் இருக்கும்வரை ஒன்றுமில்லை. வேறொருவர் கைக்குப் போனபின் அவர் நிரப்பியது உங்கள் அப்பா நிரப்பியதற்குச் சமமாக வாதிடப்படும், பணமில்லாமல் திரும்பினால் 138-ஆம் பிரிவில் வழக்கும் வரும். அதைவிட, வங்கியில் அதிகாரக் கடிதம் கொடுத்து உங்களையும் கையொப்பமிடும் உரிமை பெற்றவராகச் சேர்த்துவிடுவது நேரான வழி. அப்பாவின் கை நடுக்கத்தால் கையொப்பம் மாறுகிறது என்ற காரணத்தால் காசோலை திரும்புவதற்கும் அது ஒரு காப்பாக இருக்கும். அச்சிட்டு வைத்துவிட்டு, அவர் வந்தபின் கையொப்பம் வாங்குவதில் எந்தத் தடையும் இல்லை. வரிசை எப்போதும் அச்சு முதலில், கையொப்பம் பிறகு.

ராணிப்பேட்டை_காசாளர்

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். 2021 ஜனவரி 1 முதல், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு இந்த வசதியை வங்கிகள் தருகின்றன. ஐந்து லட்சமும் அதற்கு மேலும் என்றால் கட்டாயமாக்கிக்கொள்ள வங்கிகளுக்கு அனுமதி உண்டு. காசோலை எண், தேதி, பெறுநர், தொகை ஆகியவற்றை இணைய வங்கி வழியாகவோ செயலி வழியாகவோ கிளையிலோ முன்பே தெரிவிக்க வேண்டும். பிறகு வரும் படம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் அச்சிட எடுக்கும் அதே கால்க் வரிசையிலிருந்து வெட்டி ஒட்டினால் பெயரில் ஒரு புள்ளிகூட மாறாது. 'அண்ட் கோ' என்று தாளிலும் 'அண்ட் கம்பெனி' என்று வங்கியிலும் கொடுத்துவிட்டு, பிறகு தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பின்தேதியிட்டவற்றைக் கொடுத்த அன்றே தெரிவித்துவிடுங்கள், தேதி நெருங்கும்போது மறந்துபோகும்.

பின்தேதி என்றதும் இன்னொன்று. 2025 அக்டோபர் 4 முதல் தீர்வை தொடர்ச்சியாக நடக்கிறது. பகலில் வங்கி குறித்த நேரத்துக்குள் போட்ட காசோலையின் படம் உடனுக்குடன் உங்கள் வங்கிக்கு வந்துவிடும். அன்றே பணம் உண்டா இல்லையா என்று உங்கள் வங்கி சொல்லியாக வேண்டும். "இன்று போட்டால் நாளைக்குத்தான் வரும், நாளைக் காலையில் பணத்தைக் கட்டிவிடலாம்" என்று நம் வியாபாரிகள் நெடுங்காலமாக நம்பியிருந்த ஒரு நாள் அவகாசம் இப்போது இல்லை.

குடியாத்தம்_நிரலர்

காசாளர் ஐயா சொன்னதற்கு குனூகேஷில் ஏற்கெனவே ஒரு துணை இருக்கிறது. பின்தேதியிட்ட காசோலையைக் கொடுத்த தேதியில் பதியாமல், தாளில் உள்ள தேதியிலேயே பதியுங்கள். வங்கிக் கணக்கின் பதிவேட்டைத் திறந்தால், சுருக்கப் பட்டையில் இன்றைய இருப்புக்குப் பக்கத்தில், வருங்காலப் பதிவுகளையும் சேர்த்து இருப்பு எவ்வளவு கீழே இறங்கும் என்ற எண்ணும் வரும். அது எதிர்மறையாகிவிட்டால், அடுத்த தாளில் என்ன தேதி போடுவது என்பதைப் பெரியமேட்டுக்காரரிடம் அச்சிடுவதற்கு முன்பே பேசிக்கொள்ளலாம். கால்க் கோப்பின் மாதிரியை, என் கணக்கு விவரங்களை நீக்கிவிட்டு, உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். டாட் மேட்ரிக்ஸில் தாளைப் படுக்கை வாக்கிலேயே நுழைக்கலாம் என்பதால் 92-க்கு 202 என்ற அளவைத் திருப்பி 202-க்கு 92 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.